தீப்பன்றியும் போர்யானையும்: ‘டோட்டல் வார்: ரோம் ரீமாஸ்டர்ட்’ கணினி விளையாட்டு மதிப்புரை

எங்கள் வீட்டு மாடியில் நின்றால் யானைமலை முழுவதும் தெரியும். ஒத்தக்கடைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது மலையாவதற்கு முன்பே யானைதான். சமணர் வேள்வியில் எழுந்து மதுரையை அழிக்க வந்த யானையைச் சொக்கநாதர் அம்பெய்து வீழ்த்தினார் என்றும், அந்த யானையே கல்லாகிக் கிடக்கிறது என்றும் திருவிளையாடற் புராணத்து யானை எய்த படலத்தைப் பாட்டி சொல்லக் கேட்டுத்தான் நாங்கள் உறங்கினோம். ஒரு நகரத்தின் மீது யானைகளை ஏவினால் அந்நகரத்தார் என்ன செய்வார்கள் என்ற கேள்வி அப்போதே என் மனத்தில் தங்கிவிட்டது. அந்தக் கேள்விக்குக் கிரேக்க நாட்டு மெகரா நகரத்தார் ஒரு கொடிய விடை கண்டிருந்தார்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். பன்றிகளின் உடம்பெங்கும் கீல் பூசி, தீ வைத்து, முற்றுகையிட்டிருந்த யானைப்படைக்குள் அவற்றை ஓட விட்டார்கள். அந்தத் தீப்பன்றியைத் திரையில் ஏவிப் பார்க்கச் செய்யும் விளையாட்டு ஒன்றை, கடந்த சில வாரங்களாக அக்கா மகனோடு சேர்ந்து ஆடி வருகிறேன். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

‘ரோம்: டோட்டல் வார்’ இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் உருவாக்கி 2004-இல் வெளிவந்த விளையாட்டு. அதையே பெரிய திரைகளுக்கேற்பத் தெளிவாக்கி, ‘பார்பேரியன் இன்வேஷன்’, ‘அலெக்சாண்டர்’ என்ற இரண்டு விரிவாக்கங்களையும் சேர்த்து, 2021 ஏப்ரலில் ஃபெரல் இன்டராக்டிவ் நிறுவனம் ‘டோட்டல் வார்: ரோம் ரீமாஸ்டர்ட்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. ஆட்டம் இரண்டு நிலைகளில் நடக்கிறது. நாட்டுப்படத்தில் நகரங்களை ஆள்வதும் படை திரட்டுவதும் வரி விதிப்பதும் ஒன்று. படைகள் மோதும்போது களத்தில் இறங்கி ஆயிரக்கணக்கான வீரர்களை நேரடியாக நடத்துவது மற்றொன்று. கதை கி.மு. 270-இல் தொடங்கி கி.பி. 14-இல் முடிகிறது, ஆண்டுக்குக் கோடை, குளிர்காலம் என இரண்டு முறை ஆடலாம். ஆட்சிப் பகுதி நன்றாகவே அமைந்திருந்தாலும் என்னை இழுத்தது களந்தான், களத்திலும் யானையும் பன்றியுந்தான் என்பதால், மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன்.

விளையாட்டில் உள்ள தீப்பன்றியை மதிப்பிடுவதற்கு முன், வரலாற்றில் உள்ள தீப்பன்றி எவ்வளவு என்பதைச் சொல்லியாக வேண்டும். உள்ளது மிகச் சிறிதே. மாசிடோனிய அரசன் அந்திகோனஸ் கோனாத்தஸ் மெகராவை முற்றுகையிட்டபோது, பொதுவாகக் கி.மு. 266 என்று குறிக்கப்படும் ஆண்டில், இது நடந்ததாகச் சொல்வார்கள். இதை எழுதிவைத்த பழைய நூலாசிரியர்களான பொலியேனஸ், ஏலியன் என்ற இருவருமே நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பிற்பட்டவர்கள். முற்றுகையிட்டவன் பெயரைக்கூட ஒருவர் அந்திகோனஸ் என்கிறார், மற்றவர் அந்திப்பாத்தர் என்கிறார். ஆனால் நிகழ்ச்சியின் சாரத்தில் இருவரும் வேறுபடவில்லை: எரியும் பன்றிகள் வலி தாளாமல் அலறிக்கொண்டு ஓடிவர, யானைகள் வெருண்டு தம் அணியையே மிதித்துச் சிதறின.

இதில் ஆயுதம் எது என்பதைக் கவனிக்க வேண்டும். தீ யானையைச் சுடவில்லை; பன்றி யானையைக் குத்தவில்லை; வேலை செய்தது அலறல். பன்றிக்குட்டியின் சிறு கிறீச்சொலியே யானையை வெருட்டும் என்று உரோம அறிஞர் பிளினி எழுதியிருக்கிறார். எபிரஸ் என்ற கிரேக்க நாட்டின் அரசன் பைரஸ் கி.மு. 280-இல் இத்தாலிக்குள் யானைகளைக் கொண்டுவந்து உரோமானியரைக் கலங்கடித்தபோது, அவர்கள் பன்றிகளின் கத்தலைக் கொண்டே அவற்றைத் திருப்பினார்கள் என்பதும் ஏலியன் தரும் செய்தி. ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் பெண்பன்றியும் பொறித்த உரோமானிய வெண்கலப் பாளம் ஒன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.பி. 544-இல் பாரசீக மன்னன் குஸ்ரூ எடெஸ்ஸா நகரை வளைத்தபோது, மதிலை நெருங்கிய யானையின் முன் ஒரு பன்றியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார்கள், அதன் கத்தலுக்கு யானை பின்வாங்கியது என்கிறார் அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ். அங்கே தீயே இல்லை. ஆக, தீ என்பது பன்றியை அலற வைப்பதற்கும் நேராக ஓட வைப்பதற்கும் மெகராவார் சேர்த்துக்கொண்ட தூண்டுகோல் மட்டுமே.

இந்த நுட்பத்தை விளையாட்டு பிடித்திருக்கிறதா என்பதே என் முதற் கேள்வியாக இருந்தது. பிடித்திருக்கிறது என்பதே விடை. இந்த விளையாட்டின் மீது எனக்குள்ள மதிப்பின் பெரும்பகுதி அதனால்தான். இங்கே ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் உயிர்க்கணக்கோடு மனவுறுதி என்ற மற்றொரு கணக்கும் உண்டு. பக்கவாட்டில் தாக்கப்பட்டால், தலைவன் வீழ்ந்தால், அஞ்சத்தக்க பகை எதிரே நின்றால் அந்த உறுதி தளர்ந்து, ஒரு கட்டத்தில் படை முதுகு காட்டி ஓடும். பெரும்பாலான போர்கள் கடைசி வீரன் சாகும் முன்பே முடிந்துவிடுவது இதனால்தான். பழைய போர்களும் அப்படித்தான் முடிந்தன. தீப்பன்றி இந்த இரண்டாம் கணக்கைத் தாக்கும் கருவி. அது கொல்லுவது சொற்பம், கலைப்பது மிகுதி.

நானும் மருமகனும் விரும்பிய படைகளை மோதவிட்டுப் பார்க்கும் ‘கஸ்டம் பேட்டில்’ என்ற பகுதியில், உரோமின் பகையான வட ஆப்பிரிக்கக் கார்த்தேஜின் போர்யானைகளை ஒரு புறமும் உரோமானியக் காலாட்படையோடு பன்றி அணியை மறுபுறமும் நிறுத்திச் சோதித்தோம். முதல் முறை, யானைகள் வெகுதொலைவில் இருக்கும்போதே பன்றிகளை ஏவிவிட்டோம். மேய்ப்பர்கள் தீ வைத்து விட்ட பன்றிகள் பாதி வழியிலேயே எரிந்து விழுந்தன. யானைகள் அவற்றைத் தாண்டி வந்து எங்கள் நடு அணியைப் பிளந்தன. இரண்டாம் முறை, யானைகள் நெருங்கும்வரை பொறுத்திருந்து ஏவினோம். அப்போதுதான் மெகராவைக் கண்டோம். முன்வரிசை யானைகள் வெருண்டு மதம் பிடித்தாற்போல் திரும்பின. அவற்றின் பின்னால் வந்துகொண்டிருந்த கார்த்தேஜ் ஈட்டிக்காரர்கள் விலக இடமின்றி மிதிபட்டார்கள். மூன்றாம் முறையும் அதே தொலைவில்தான் ஏவினோம். ஆனால் சில பன்றிகள் வழிமாறி எங்கள் வரிசைக்குள்ளேயே பாய்ந்தன. “மாமா, பன்னி நம்ம பக்கமே திரும்பிருச்சு!” என்று அவன் பதறியது இன்னும் காதில் நிற்கிறது. எங்கள் வீரர்கள் கலைந்தார்கள், போரும் தோற்றது. தீப்பன்றியை மிகைப்படுத்தி வெல்லமுடியாத ஆயுதமாக்கியிருந்தால் விளையாடுவோர்க்குக் களிப்பாக இருந்திருக்கும். அப்படிச் செய்யாமல், ஏவியவனுக்கும் அடங்காத ஒன்றாகவே அதை விட்டுவைத்தது நேர்மையான முடிவு.

யானைப் பக்கத்திலும் அதே நேர்மை இருக்கிறது. வெருண்டு கட்டுக்கடங்காமல் ஓடும் யானைகளைக் கொன்றுவிடும்படி பாகர்களுக்கு ஆணையிட ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். இது கற்பனையன்று. அடங்காத யானையின் பிடரியில், காதுகளுக்கு நடுவே, தலை கழுத்தோடு சேரும் இடத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் அறைந்து கொல்லும் முறையைக் கார்த்தேஜ் படைத்தலைவன் ஹஸ்த்ருபல் கொண்டுவந்தான் என்றும், கி.மு. 207-இல் மெதாரஸ் ஆற்றங்கரைப் போரில் பகைவரால் இறந்த யானைகளைவிடப் பாகர் கையால் இறந்தவையே அதிகம் என்றும் உரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். யானையைப் பிள்ளைபோல வளர்க்கும் பாகர்களைக் கோயில் வாசலில் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்தப் பொத்தானை முதன்முதலில் அழுத்தியபோது கை நின்றது. அந்தத் தயக்கத்தை உண்டாக்கியதற்காகவே, பலவற்றைக் கற்பனையால் நிரப்பியிருக்கும் இந்த விளையாட்டு வரலாற்றுக்கு உண்மையாக இருக்கிறது என்று சொல்வேன்.

இனிக் குறைகள். முதலாவது, இந்த ஆயுதத்தை உரோமானியர் கையில் கொடுத்திருப்பது. நூல்கள் சொல்லும்படி தீப்பன்றி மெகராவாருடையது. உரோமானியர் பயன்படுத்தியது வெறும் பன்றி. அதைவிடப் பெரிய பிழை, முற்றுகையில் சிக்கிய ஒரு நகரத்தார் வேறு வழியற்று ஒருமுறை செய்ததை, பணம் கொடுத்தால் எந்த நாளிலும் திரட்டக்கூடிய நிரந்தரப் படைப்பிரிவாக மாற்றியிருப்பது. நகரத்தில் கட்டடம் எழுப்பி, ஊதியம் கொடுத்து, ஆண்டுதோறும் பேணி, ஆப்பிரிக்கக் கரை வரை நடத்திச் செல்லும் பன்றிப்படை என்பது எந்த நூலிலும் இல்லை. வரலாறு அறியாத இளைஞர் ஒருவர், உரோமானியச் சேனையில் பன்றி அணி வழக்கமாக இருந்தது என்றே நினைத்துக்கொள்வார். என் மருமகனும் அப்படித்தான் நினைத்திருந்தான். இதே வகையில், கி.மு. 270-இல் தாலமி மரபின் கிரேக்கப் பாணிப் படைகள் இருந்த எகிப்தை, ஆயிரம் ஆண்டு முந்தைய பாரோக்களின் கோலத்தில் தேர்களோடு காட்டியிருப்பதும் தவறு.

எனக்கு மிகவும் வருத்தம் தந்த விடுபாடு வேறொன்று. பொலியேனஸ் தம் செய்தியை யானைகள் ஓடியதோடு முடிக்கவில்லை. அந்தத் தோல்விக்குப் பின், யானைகளோடு பன்றிகளையும் சேர்த்தே வளர்க்கும்படி அந்திகோனஸ் தன் இந்தியர்களுக்கு ஆணையிட்டான் என்று எழுதுகிறார். இந்தியர் என்று அங்கே குறிக்கப்படுபவர்கள் யானைப் பாகர்கள். பாகன் என்றாலே இந்தியன் என்னுமளவுக்கு அந்தத் தொழில் நம் பக்கத்திலிருந்து போயிருக்கிறது. சந்திரகுப்த மௌரியரிடமிருந்து கிரேக்க அரசன் செலூகஸ் 500 யானைகளைப் பெற்ற செய்தியும், பாண்டிய நாட்டு அரசிக்கு அவள் தந்தை 500 யானைகள் கொடுத்தான் என்று கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் சொன்னதாகப் பிற்கால வரலாற்றாசிரியர் அரியன் எழுதியிருப்பதும் நினைவுக்கு வருகின்றன. ஓர் ஆயுதத்துக்கு எதிரான மருந்து பழக்கம் என்பதைக் கண்டறிந்து, பன்றியின் குரலைக் குட்டியிலிருந்தே யானையின் காதுக்குப் பழக்கிய அந்தப் பாகர்களின் அறிவு, ஏவியவர்களின் தந்திரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது. விளையாட்டில் அதற்கு இடமே இல்லை. இருநூறு ஆண்டுகள் ஆடினாலும் யானைகள் ஒரே விதமாகவே வெருளுகின்றன. அனுபவம் பெற்ற படைக்கு மனவுறுதி கூடும் என்ற விதி இருக்கும்போது, பன்றிக்குப் பழகிய யானை என்ற ஒன்றைச் சேர்ப்பது கடினமாக இருந்திருக்காது. நாட்டுப்படமும் கிழக்கே இந்தியாவை எட்டாமலே நின்றுவிடுவதால், அந்தப் பாகர்களின் ஊரையும் அதில் காணமுடியாது.

பன்றியும் தீயும் மதிலும் ஒன்றாக வரும் இடம் மதுரைக்காரர்களுக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு மதுரைக் கோட்டையைக் கடக்கும்போது, அந்த மதிலில் வைத்திருந்த பொறிகளை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். கல்லை உமிழும் கவண் இருக்கிறது, கொதிக்கும் நெய் இருக்கிறது, உலோகத்தைக் காய்ச்சும் உலை இருக்கிறது. அவற்றின் நடுவே பன்றியும் இருக்கிறது. ஆனால் அது உயிருள்ள பன்றியன்று. மதிலேறி வருவோரின் உடலைக் கொம்பால் கிழிக்கும்படி இரும்பால் செய்து வைத்த பன்றிப்பொறி என்கிறார் உரையாசிரியர் அடியார்க்குநல்லார். மெகராவார் உயிரை ஆயுதமாக்கினார்கள். மதுரையார் ஆயுதத்துக்கு உயிரின் வடிவத்தைக் கொடுத்தார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு நம் ஊர்மீது ஒரு மதிப்புக் கூடுகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவன் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்ததும், கல் யானை கரும்பு தின்றதும் இதே ஊரின் திருவிளையாடல்கள்தாம்.

அந்தக் கொதிநெய் விளையாட்டிலும் வருகிறது. கல்மதில் உள்ள நகரத்தின் வாயிலைத் தகர்த்து உள்ளே நுழையும் படையின் தலைமேல் வாயில்மாடத்திலிருந்து எண்ணெய் கொட்டுகிறது. கி.பி. 67-இல் யோதபாத்தா முற்றுகையில் யூதர்கள் உரோமானியர் மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றியதை யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் பதிவு செய்திருப்பதால் இதற்கு ஆதாரம் உண்டு. வில்லாளர்களைத் தீயம்பு எய்யவும் பணிக்கலாம். சாதாரண அம்பைவிடக் குறி தவறும். ஆனால் எதிரியின் மனவுறுதியைக் குலைக்கும், மதிலை நோக்கி வரும் மரக்கோபுரத்தை எரிக்கும், யானையையும் வெருட்டும். தீயைக் கொல்லும் பொருளாக அன்றி அச்சமூட்டும் பொருளாகக் காட்டும் பார்வை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருப்பதைப் பாராட்டவே வேண்டும். பன்றி அணி தேவையேயில்லை என்ற முடிவுக்கும் அதுவே என்னைக் கொண்டுவந்தது. எறிவேல் வீரர்களை முன்னே பரப்பி, தீயம்புகளைப் பின்னிருந்து எய்து, அணிகளுக்கிடையே யானை கடந்துபோக வழி விட்டு நின்றால் போதும். கி.மு. 202-இல் ஸாமா போர்க்களத்தில் கார்த்தேஜ் யானைகளுக்கு எதிரே உரோமானியத் தளபதி சிப்பியோ செய்ததும் வழிவிட்டு நின்றதுதான்.

எரியும் பன்றிகளின் ஓலத்தை ஒலியமைப்பில் நன்றாகவே சேர்த்திருக்கிறார்கள். அதனாலேயே இதைச் சிறு குழந்தைகள் இருக்கும் அறையில் ஆடவேண்டாம் என்று சொல்வேன். இந்த அணியை வேடிக்கைப் பொருளாகக் கருதிச் சிரிக்கும் ஆட்டக்காரர்கள் பலர் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். என்னால் சிரிக்க முடியவில்லை. காட்டுப்பன்றிக்கென்று வைக்கும் வெடிகாயைக் கடித்து யானைகள் வாய் சிதறிச் சாவதை நம் மலையடிவார ஊர்களில் இன்றும் கேள்விப்படுகிறோம். 2020-இல் பாலக்காட்டுப் பக்கம் கருவுற்ற யானை ஒன்று அப்படித்தான் ஆற்றுநீரில் நின்றபடியே உயிர்விட்டது. பன்றி, தீ, யானை என்ற மூன்றும் சேருமிடத்தில் துன்பம் யாருக்கு என்பது ஏறத்தாழ இருபத்துமூன்று நூற்றாண்டுகளாக மாறவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையத்தளத்தில் கிடைக்கிறது. விழாக்காலத் தள்ளுபடியில் வாங்குவது நல்லது. கோப்பு பெரிது, எங்கள் வீட்டு இணையத்தில் ஓர் இரவு முழுதும் இறங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தமிழ் இடைமுகம் இல்லை. ஆங்கிலத்தில் நீண்ட விளக்கங்களைப் படித்துத்தான் ஆடவேண்டும், ஆனால் போர்க்களத்தை நிறுத்திவைத்து ஆணையிடும் வசதி இருப்பதால் மெதுவாகப் படித்துப் பழகலாம். பழைய பதிப்பில் சில நாடுகளை மட்டுமே தொடக்கத்திலிருந்து ஆட முடிந்தது. இதில் 38 தரப்புகளில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம். கணினி இல்லாதவர்கள் பழைய பதிப்பின் கைப்பேசி வடிவத்தை ஆடலாம். ஆயினும் யானை வெருளும் கணத்தைப் பெரிய திரையில் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

நான் இப்போது விளையாட்டின் உரோமானியத் தரப்புகளில் ஒன்றான சிப்பியோ குடும்பத்தை எடுத்து ஆடிக்கொண்டிருக்கிறேன். சிசிலித் தீவில் கார்த்தேஜின் கையிலிருந்த லிலிபேயத்தை எறிவேலும் தீயம்பும் கொண்டே பிடித்தாயிற்று. வந்த யானைகளில் இரண்டு, அணிகளுக்கிடையே நாங்கள் விட்ட வழியாகவே ஓடிக் களத்தைக் கடந்து போய்விட்டன. துரத்தலாமா என்று மருமகன் கேட்டான். வேண்டாம் என்றேன், அவை திரையின் ஓரம் போய் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.